கண் காணாத கட்டடம்

விடுதியில் வாழும் நாம் காலையில் எழுந்ததும் குழாயைத் திருகுகிறோம். நீர் வருகிறது. முகம் கழுவுகிறோம், குளிக்கிறோம், துணி துவைக்கிறோம். கழிந்த நீர் ஒரு சிறு துளையில் இறங்கி மறைகிறது. அந்நீர் எங்கிருந்து வந்தது என்று எப்போதாவது எண்ணியிருப்போம். எங்கே போகிறது என்று எண்ணியிருப்போமா? இல்லை. கண்ணுக்கு மறைந்தது கருத்துக்கும் மறைந்துவிடுகிறது.

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் எனக்கு அந்த எண்ணம் வந்தது. தானாக வந்தது என்பதைவிட, வரவழைக்கப்பட்டது என்றே சொல்ல வேண்டும். ஊரைவிட்டு ஆயிரம் கல் தொலைவுக்கு வந்து நான் குடியிருக்கும் தெருவில், இரவெல்லாம் பெய்த மழையில் பாதாளச் சாக்கடையின் மூடி எழும்பிவிட்டது. கரிய நீர் முழங்கால் அளவு நின்றது. மூன்று நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போய் வந்தேன். ஆய்வுக்கூடத்தில் நான் படிப்பதோ, சிமெண்டு நீரோடு சேர்ந்து இறுகும் வேதியியல். ஒரு பக்கம் சிமெண்டு, மறுபக்கம் சாக்கடை. இவ்விரண்டையும் ஒன்றாக நினைத்துப் பார்த்தவர் யாரேனும் உண்டா என்று நூலகத்தில் தேடினேன். தேடியபோது ஒரு பெரியவர் கிடைத்தார்.

அவர் பெயர் சர் ஜோசப் பாசல்ஜெட். இலண்டன் மாநகரைக் காலராவிலிருந்து காத்த பொறியாளர். அவர் மறைந்து நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஆயினும் அவர் அடுக்கிய செங்கற்களின் வழியே இன்றும் அம்மாநகரின் கழிவுநீர் ஓடிக்கொண்டிருக்கிறது. அவருடைய வரலாற்றை நண்பர்களுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் பயிற்சியும்

பாசல்ஜெட் 1819-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 28-ஆம் நாள் இலண்டனுக்கு வடக்கே என்பீல்டு என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய குடும்பம் இங்கிலாந்தின் பழங்குடி அன்று. பாட்டனார் பிரான்சு நாட்டிலிருந்து வந்து குடியேறிய தையற்காரர். வந்த இடத்தில் கைத்திறனால் உயர்ந்து, இளவரசருக்கே உடை தைத்துக் கொடுக்கும் நிலையை அடைந்தவர். பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இச்செய்தி சிறிது ஊக்கம் தரும். தந்தையார் கடற்படையில் அதிகாரியாக இருந்தவர்.

இளமையிலேயே பாசல்ஜெட் ஜான் மெக்னீல் என்னும் புகழ் பெற்ற பொறியாளரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். அயர்லாந்தில் நீர் தேங்கிய நிலங்களை வடித்து விளைநிலமாக்கும் பணி நடந்தது. அங்கேதான் அவர் நீரின் இயல்பைக் கற்றார். நீர் பள்ளத்தை நோக்கி ஓடும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆனால் எவ்வளவு வாட்டம் கொடுத்தால் நீர் வண்டலை அடித்துக்கொண்டு ஓடும், எவ்வளவு குறைந்தால் வண்டலை இறக்கிவிட்டுத் தேங்கும் என்பதை அறிய, சேற்றில் நின்று அளந்து பார்க்க வேண்டும். அந்தச் சேற்றுக் கல்விதான் பிற்காலத்தில் ஒரு மாநகரைக் காத்தது.

1842-இல் இலண்டனில் தனியே தொழில் தொடங்கினார். அது இருப்புப்பாதைக் காய்ச்சல் பிடித்திருந்த காலம். எங்கு நோக்கினும் புதுப் பாதைகள், புதுத் திட்டங்கள், புது வரைபடங்கள். இரவு பகல் பாராமல் உழைத்த பாசல்ஜெட் 1847-இல் உடல் தளர்ந்து விழுந்தார். வேலையை விட்டுவிட்டு நாட்டுப்புறத்துக்குச் சென்று ஓய்வு கொள்ள வேண்டியதாயிற்று. அப்போது அவருக்கு வயது 28. தேர்வு நெருங்கும்போது உறக்கத்தைத் துறக்கும் நம்மில் பலர் இதையும் நினைவில் வைப்பது நல்லது.

உடல் தேறியபின், 1849-இல், இலண்டன் மாநகரின் கழிவுநீர்க் கால்வாய் ஆணைக்குழுவில் உதவி அளவையாளராகச் சேர்ந்தார். புகழுக்கு ஆசைப்படுவோர் நாடும் பதவி அன்று அது. அவருக்கு மேலே தலைமைப் பொறியாளராக இருந்த பிராங்க் பார்ஸ்டர், தம் திட்டங்களை எல்லாரும் தடுத்ததால் மனம் நொந்து 1852-இல் இறந்தார். அந்த முள் நாற்காலியில்தான் பாசல்ஜெட் அமர்ந்தார்.

நகரும் நோயும்

அன்றைய இலண்டன் எப்படி இருந்தது? உலகிலேயே பெரிய நகரம். 1851-ஆம் ஆண்டுக் கணக்கின்படி 23 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். செல்வம் குவிந்த துறைமுகம். ஆனால் அந்த நகரின் காலடியில் மலம் தேங்கிக் கிடந்தது.

முற்காலத்தில் வீட்டுக்கு வீடு கழிவுக்குழி இருந்தது. இரவில் ஆட்கள் வந்து அள்ளிச் சென்று வயல்களுக்கு உரமாக விற்பார்கள். நகரம் வளர்ந்தது, வயல்கள் தொலைவாயின, அள்ளும் கூலி ஏறியது, குழிகள் நிரம்பி வழிந்தன. அதே காலத்தில் நீர் ஊற்றிக் கழுவும் கழிப்பிடங்கள் பரவின. அவற்றிலிருந்து வந்த நீரைக் கழிவுக்குழிகள் எப்படித் தாங்கும்? ஆகவே 1840-களின் இறுதியில், குழிகளை மூடி, வீட்டுக் கழிவை எல்லாம் தெருக் கால்வாயில் சேர்க்குமாறு அதிகாரிகள் ஆணையிட்டனர். தெருக் கால்வாய்களோ மழைநீருக்காக வெட்டப்பட்டவை. அவை எல்லாம் நேரே தேம்ஸ் ஆற்றில் போய் விழுந்தன.

வீடு தூய்மை அடைந்தது. ஆறு சாக்கடை ஆயிற்று. அது மட்டுமா? தேம்ஸ் கடலின் ஏற்றவற்றம் பாயும் ஆறு. வற்றத்தின்போது கீழே சென்ற கழிவை ஏற்றம் மீண்டும் நகருக்குள் கொண்டுவரும். அதே ஆற்றிலிருந்து குடிநீர்க் கம்பெனிகள் நீர் எடுத்து வீடுகளுக்கு விற்றன. மக்கள் தாம் கழித்ததைத் தாமே குடித்தனர்.

விளைவு யாது? காலரா என்னும் வாந்திபேதி. 1831-32-இல் வந்தபோது இலண்டனில் 6,000 பேருக்கு மேல் மாண்டனர். 1848-49-இல் 14,000 பேருக்கு மேல். 1853-54-இல் 10,000 பேருக்கு மேல். காலையில் நலமாக இருந்தவன் மாலையில் பிணமாவான். காரணம் எவருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. நாற்றமே நோய், கெட்ட காற்றே நஞ்சு என்பதுதான் கற்றறிந்தவர் பலரின் கருத்து.

ஒருவர் வேறு வழியில் எண்ணினார். ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் அவர். 1854-இல் சோகோ பகுதியில் பிராடு தெருவில் இருந்த ஒரு நீர்க்குழாயைச் சுற்றியே சாவுகள் நிகழ்வதை அவர் கணக்கெடுத்துக் காட்டினார். அழுக்கான இடத்தில் நீர் எடுத்த கம்பெனியின் வாடிக்கையாளர், ஆற்றின் மேற்பகுதியில் தூய நீர் எடுத்த கம்பெனியின் வாடிக்கையாளரைவிடப் பன்மடங்கு மிகுதியாக இறப்பதையும் எண்ணிக்கையால் மெய்ப்பித்தார். நோய் நீரின் வழியே வருகிறது என்றார். கேட்டவர் சிலர்; நம்பியவர் அதனினும் சிலர். பாசல்ஜெட்டும் தம் காலத்தாரைப் போல நாற்றத்தைப் போக்குவதே நோக்கம் என்ற நினைப்புடனேயே திட்டம் தீட்டினார்.

இது வியப்பன்றோ? தவறான கொள்கை, ஆனால் சரியான செயல். நாற்றத்தை ஓட்டுவதற்காகக் கழிவை நகரிலிருந்து அகற்றினார். கழிவு அகன்றதும் குடிநீர் தூய்மை பெற்றது, நோய் அகன்றது. காலராவின் கிருமியை இராபர்ட் காக் தனியே பிரித்து உலகுக்குக் காட்டியது 1884-ஆம் ஆண்டில், நம் கல்கத்தாவில்தான். அதற்குள் பாசல்ஜெட்டின் கால்வாய்கள் கட்டி முடிந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

நாறிய கோடை

1856-இல் மாநகர்ப் பணிக் கழகம் என்னும் புதிய அமைப்பு தோன்றியது. பாசல்ஜெட் அதன் தலைமைப் பொறியாளர் ஆனார். உடனே திட்டத்தை அளித்தார். அரசு அதைத் திருப்பி அனுப்பியது. கழிவை ஆற்றில் விடும் இடம் நகருக்கு இன்னும் தொலைவாக இருக்க வேண்டும் என்றனர். தொலைவு கூட்டினால் செலவு கூடும். செலவை யார் தருவது என்று வழக்காடினர். திருத்தி அனுப்பினார், மீண்டும் திரும்பியது. வல்லுநர் குழு ஒன்று அமைத்தனர். அக்குழு வேறொரு திட்டம் சொன்னது. இவ்வாறு இரண்டு ஆண்டுகள் காகிதத்திலேயே கழிந்தன.

பிறகு இயற்கையே தீர்ப்புச் சொன்னது. 1858-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கடும் வெயில். ஆற்றில் நீர் குறைந்தது. கரைகளில் படிந்த கழிவு வெயிலில் வெந்து, நகரெங்கும் தாங்க முடியாத நாற்றம் எழுந்தது. பாராளுமன்றக் கட்டடம் ஆற்றங்கரையில்தானே இருக்கிறது? சன்னல் திரைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உள்ளே உட்கார முடியவில்லை. ஆயிரக்கணக்கான ஏழைகள் செத்தபோது அசையாத மன்றம், தன் மூக்கில் நாற்றம் ஏறியவுடன் அசைந்தது. நிதியமைச்சர் டிஸ்ரேலி கொணர்ந்த சட்டம் பதினெட்டே நாளில் நிறைவேறியது. திட்டத்தைத் தடுக்கும் உரிமையை அரசு விட்டுக்கொடுத்தது. 30 இலட்சம் பவுன் கடன் வாங்கவும் இசைவு தந்தது.

அதே ஜூன் திங்களில் ஜான் ஸ்னோ இறந்துபோனார். தாம் சொன்னது உண்மை என்று உலகம் ஒப்புக்கொண்டதை அவர் காணவில்லை.

மண்ணுக்குள் ஐந்து ஆறுகள்

பாசல்ஜெட்டின் திட்டம் கேட்பதற்கு எளிது. பழைய கால்வாய்கள் எல்லாம் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் ஆற்றை நோக்கி இறங்கின. அவற்றுக்குக் குறுக்கே, மேற்கிலிருந்து கிழக்காக, ஆற்றுக்கு இணையாகப் பெரிய கால்வாய்களை வெட்டினால், கழிவு ஆற்றை அடையுமுன்னே அவை தடுத்து வாங்கிக்கொள்ளும். வடகரையில் மூன்று, தென்கரையில் இரண்டு. மேட்டு நிலத்துக்கு ஒன்று, தாழ்நிலத்துக்கு ஒன்று என்று உயரத்துக்கு ஏற்ப அமைத்தார். மொத்த நீளம் 82 மைல். இவற்றோடு சேரும் தெருக் கால்வாய்கள் 1,100 மைல்.

இயன்ற இடமெல்லாம் நீர் தானே ஓட வேண்டும் என்பது அவர் கொள்கை. மைலுக்கு 2 அடி வாட்டம் கொடுத்தார். இது கிலோமீட்டருக்கு 40 செண்டிமீட்டருக்கும் குறைவு. நாம் நடந்து போனால் தரை சாய்கிறது என்றே தெரியாது. அவ்வளவு நுட்பமான வாட்டத்தை, பல மைல் நீளத்துக்கு, வீடுகளுக்கும் இருப்புப்பாதைகளுக்கும் அடியில், ஓர் அங்குலம் பிசகாமல் கொண்டுசெல்வது எளிதான செயலா? கால்வாயின் வடிவமும் எண்ணிப் பார்க்கத்தக்கது. பல இடங்களில் அதை முட்டை வடிவில் அமைத்தனர். முட்டையின் குறுகிய முனை கீழே இருக்கும். கழிவு குறைவாக வரும் வேளையிலும் அது குறுகிய அடிப்பகுதியில் ஆழமாகவும் விரைவாகவும் ஓடும், வண்டல் படியாது.

தாழ்நிலக் கழிவை மட்டும் நீராவிப் பொறிகளால் மேலே ஏற்றினர். தென்கரையில் டெட்போர்டிலும் கிராஸ்னெஸ்சிலும், வடகரையில் அபி மில்சிலும் பெரிய இறைப்பு நிலையங்கள் எழுந்தன. கிராஸ்னெஸ் நிலையத்தை 1865-ஆம் ஆண்டு ஏப்பிரலில் இளவரசர் வந்து திறந்து வைத்தார். அங்கே உள்ள வார்ப்பிரும்புத் தூண்களின் பூவேலையைப் படத்தில் பார்த்தபோது, இது இறைப்பு நிலையமா, அரண்மனையா என்று மயங்கினேன். இலண்டன் பாலத்துக்குக் கீழே பத்து மைலுக்கும் அப்பால், வடகரையில் பெக்டனிலும் தென்கரையில் கிராஸ்னெஸ்சிலும் கழிவைத் தேக்கிவைத்து, கடல் வற்றம் தொடங்கும் நேரம் பார்த்து ஆற்றில் திறந்துவிட்டனர். வற்றத்தோடு அது கடலை நோக்கிச் செல்லும்.

இவ்வளவுக்கும் வேண்டிய செங்கற்கள் 31 கோடியே 80 இலட்சம். ஆயிரக்கணக்கான தொழிலாளர் மண்வெட்டியும் கூடையும் கொண்டு தோண்டினர். மண் சரிந்து உயிர் நீத்தவரும் உண்டு. அவர்கள் பெயர்களை எந்தக் கல்லிலும் காண முடியாது. பாசல்ஜெட்டின் புகழில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

ஒரு மூட்டைச் சிமெண்டு

இனி, என் உள்ளத்தை மிகவும் கவர்ந்த பகுதிக்கு வருகிறேன். செங்கல் எத்தனை கோடி இருந்தால் என்ன? செங்கல்லையும் செங்கல்லையும் பிணைப்பது எது? அந்தச் சாந்து கரைந்தால் கால்வாய் மண்ணோடு மண்.

சாதாரணச் சுண்ணாம்புச் சாந்து இறுகுவதற்குக் காற்று வேண்டும். காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுத்தான் அது மீண்டும் கல்லாகிறது. எப்போதும் ஈரமாகவே உள்ள கால்வாயில் அது எப்படி இறுகும்? ரோமன் சிமெண்டு என்று ஒன்று வழக்கில் இருந்தது. அது நீரிலும் இறுகும். ஆனால் கொத்தனார் கரணையை எடுப்பதற்குள் இறுகிவிடும். இறுகியபின் வலிமையும் குறைவு.

மூன்றாவதாக ஒரு புதுப்பொருள் இருந்தது. அதுதான் போர்ட்லண்டு சிமெண்டு. லீட்ஸ் நகரக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 1824-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். சுண்ணக்கல்லையும் களிமண்ணையும் அளவோடு கலந்து, சூளையில் கடும் வெப்பத்தில் சுட்டு, வந்த கட்டியைப் பொடி செய்தால் அந்தச் சிமெண்டு கிடைக்கும். பிற்காலத்தில் வெப்பத்தை மேலும் கூட்டினர். அதனால் வலிமையும் கூடியது. நீர் பட்டவுடன் அதிலுள்ள கால்சியம் சிலிக்கேட்டுகள் நீரோடு சேர்ந்து, மிக நுண்ணிய பிணைப்புகளாக வளர்ந்து ஒன்றை ஒன்று பற்றிக்கொள்கின்றன. நீர் அதற்குப் பகை அன்று, உணவு. ஈரத்தில் இருக்க இருக்க அது மேலும் வலிமை பெறும். கால்வாய்க்கு இதைவிடப் பொருத்தமான பொருள் உண்டா?

ஆனால் பொறியாளர்கள் அதைத் தொட அஞ்சினர். அஞ்சியதற்குக் காரணமும் இருந்தது. சூளைக்குச் சூளை அதன் தரம் மாறும். வெப்பம் குறைந்தால் வலிமை இராது. சுண்ணாம்பு கூடிப்போனால் அது உடனே தெரியாது. கட்டி முடித்துப் பல நாள் கழித்து உள்ளே ஊதிப் பெருத்துக் கட்டடத்தையே பிளக்கும். மேலே கட்டிய சுவர் பிளந்தால் கண்ணுக்குத் தெரியும், திருத்தலாம். மண்ணுக்குள், கழிவு ஓடும் கால்வாய் பிளந்தால் யார் பார்ப்பது? நிலத்தடி நீரில் நஞ்சு கலந்து, மீண்டும் ஊரே சாகத் தொடங்கிய பிறகுதான் தெரியும்.

பாசல்ஜெட் என்ன செய்தார்? அஞ்சி ஒதுக்கவும் இல்லை. ஆசைப்பட்டு நம்பவும் இல்லை. சோதித்துப் பார்த்தார். அவருடைய துணைப் பொறியாளர் ஜான் கிராண்டு என்பவரிடம் அப்பணியை ஒப்படைத்தார். வந்து இறங்கும் சிமெண்டிலிருந்து சிறிது எடுத்து, அச்சில் வார்த்து, நடுவில் இடுப்புப்போல் ஒடுங்கிய சிறு கட்டிகளாக்கினர். அவற்றை ஏழு நாள் நீரில் ஊறவைத்தனர். பிறகு ஒரு பொறியில் மாட்டி, இரு முனையிலும் பிடித்து இழுத்து, எவ்வளவு எடைக்கு அறுகிறது என்று பார்த்தனர். குறித்த எடையைத் தாங்கியது உள்ளே போகும். தாங்காதது வந்த வழியே திரும்பும். வணிகர்கள் முணுமுணுத்திருப்பார்கள். சோதனை நிற்கவில்லை. ஆண்டுக்கணக்கில், ஆயிரக்கணக்கான கட்டிகளை இழுத்துப் பார்த்தனர். நாள் செல்லச் செல்லப் போர்ட்லண்டு சிமெண்டின் வலிமை கூடுவதையும் எண்களால் காட்டினர்.

கிராண்டு இம்முடிவுகளைப் பொறியாளர் கழகத்தின் முன் கட்டுரையாகப் படித்தார். அதன்பின் மற்ற நாட்டாரும் அவ்வழியைப் பின்பற்றினர். உற்பத்தியாளரும் தரத்தை உயர்த்தினர். வாங்குகிறவன் அளந்து பார்ப்பான் என்று தெரிந்தால் விற்கிறவன் ஒழுங்காகச் சுடுவான் அல்லவா? இன்று நம் நாட்டில் விற்கும் சிமெண்டு மூட்டைகளில் 43 என்றும் 53 என்றும் எண் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 28 நாளில் அது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் அமுக்குவிசையைத் தாங்க வேண்டும் என்பதைக் குறிக்கும் எண் அது. அன்று இழுத்துப் பார்த்தார்கள். இன்று அமுக்கிப் பார்க்கிறோம். முறை மாறியது, நெறி மாறவில்லை. அந்த நெறிக்கு வழி காட்டியவர்களுள் பாசல்ஜெட்டும் கிராண்டும் முன்னணியில் நிற்பவர்கள்.

இவ்விடத்தில் சிறிது நின்று எண்ண வேண்டும். மண்ணுக்குள் புதையும் சிமெண்டு. எவரும் திறந்து பார்க்கப் போவதில்லை. ஏமாற்ற நினைத்தால் இதைவிட வசதியான இடம் வேறில்லை. அந்த இடத்தில்தான் பாசல்ஜெட் மிகவும் கண்டிப்பாக இருந்தார். கண் காணும் இடத்தில் நேர்மையாக இருப்பது ஒழுங்கு. கண் காணாத இடத்தில் நேர்மையாக இருப்பதுதான் அறம்.

வெற்றியும் குறையும்

1866-இல் காலரா மீண்டும் வந்தது. இலண்டனில் 5,500 பேருக்கு மேல் மாண்டனர். ஆனால் இம்முறை சாவு நகரெங்கும் இல்லை. பெரும்பாலும் கிழக்குப் பகுதியில்தான். ஏன்? புதிய கால்வாய் அமைப்போடு இன்னும் இணைக்கப்படாத பகுதி அது. அபி மில்ஸ் நிலையம் கட்டி முடியவில்லை. அங்கே நீர் வழங்கிய கம்பெனி வடிகட்டாத நீரையும் கலந்துவிட்டது தெரியவந்தது. கால்வாய் வந்த இடத்தில் உயிர் பிழைத்தது. வராத இடத்தில் உயிர் போயிற்று. இதைவிடத் தெளிவான சோதனை எந்த ஆய்வுக்கூடத்தில் நடக்கும்? 1868-இல் அபி மில்ஸ் இயங்கத் தொடங்கியது. அதன்பின் இலண்டனில் காலரா கொள்ளைநோயாகத் தலைகாட்டவே இல்லை. 1892-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கு நகரில் 8,000 பேருக்கு மேல் காலராவில் மாண்டபோதும் இலண்டன் தப்பியது.

பாசல்ஜெட்டின் பணி அத்துடன் நிற்கவில்லை. தேம்ஸ் ஆற்றின் சேற்றுக் கரைகளை ஒடுக்கிக் கருங்கல் சுவர் எழுப்பினார். விக்டோரியா கரை, ஆல்பர்ட் கரை, செல்சீ கரை என்னும் மூன்றும் 1874-க்குள் முடிந்தன. விக்டோரியா கரையில் மேலே அகன்ற சாலை. உள்ளே தாழ்நிலக் கழிவுக் கால்வாய். அருகே நிலத்தடி இரயில். ஒரே சுவருக்குள் ஒரு நகரின் மூன்று தேவைகளை அடக்கினார். பட்னி, ஹாமர்ஸ்மித், பாட்டர்சீ ஆகிய இடங்களில் பாலங்களும் அமைத்தார். அரசு சர் பட்டம் அளித்தது. பொறியாளர் கழகம் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

புகழை மட்டும் சொல்லிக் குறையை மறைத்தால் அது வரலாறு ஆகாது. பாசல்ஜெட் கழிவை ஒழிக்கவில்லை, இடம் மாற்றினார். நகரிலிருந்து கிழக்கே கொண்டுபோய், தூய்மை செய்யாமல் அப்படியே ஆற்றில் விட்டார். கீழ்க்கரையில் வாழ்ந்தவர்கள் முறையிட்டனர், பயன் இல்லை. 1878 செப்டம்பர் 3-ஆம் நாள் மாலை பிரின்சஸ் ஆலிஸ் என்னும் இன்பப் பயணக் கப்பல், கழிவு விடும் இடங்களுக்கு அருகில் வேறொரு கப்பலோடு மோதி மூழ்கியது. 600 பேருக்கு மேல் இறந்தனர். சற்று முன்புதான் அங்கே கழிவு திறந்துவிடப்பட்டிருந்தது. நீந்தத் தெரிந்தவரும் அந்த நீரில் பிழைப்பது அரிதாயிற்று என்று மக்கள் கொதித்தனர். பின்னர் விசாரணைக் குழு அமைந்தது. 1880-களின் பிற்பகுதியில் கழிவைச் சுண்ணாம்பும் இரும்பு உப்பும் கலந்து தெளியவைத்து, அடியில் படியும் சேற்றைக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டத் தொடங்கினர். கடலில் கொட்டுவதும் தவறு என்று உணர்ந்து அதை நிறுத்தியது 1998-இல்தான். ஒருவர் வாசலைப் பெருக்கி அடுத்தவர் வாசலில் தள்ளுவது தூய்மை ஆகாது என்ற பாடத்தை உலகம் கற்க நூறாண்டு ஆயிற்று.

இன்னொரு குறையும் உண்டு. மழைநீரும் கழிவுநீரும் ஒரே கால்வாயில் ஓடின. பெருமழையில் மிகுந்தது ஆற்றில் வழிய வேண்டும் என்பதே ஏற்பாடு. ஏறத்தாழ 35 இலட்சம் மக்களுக்கென வகுத்த அமைப்பு அதனினும் மிகுதியான மக்களைத் தாங்க நேர்ந்தது. தரையெல்லாம் சிமெண்டும் தாருமாக மூடப்பட்டதால் மழைநீர் மண்ணில் இறங்கவும் வழியில்லை. சிறு மழைக்கும் கழிவு ஆற்றில் வழியலாயிற்று. அதைத் தடுக்க, ஆற்றின் அடியில் 25 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பெருஞ்சுரங்கம் தோண்டி, 2025-ஆம் ஆண்டில் முழுவதும் இணைத்து முடித்தனர். ஆயினும் பாசல்ஜெட்டின் கால்வாய்களை அவர்கள் இடிக்கவில்லை. அவற்றோடு புதியதைச் சேர்த்தார்கள். நூற்றைம்பது ஆண்டுக்குப் பிறகும் அந்தச் செங்கல்லும் சாந்தும் உறுதியாக இருக்கின்றன.

முடிவும் படிப்பினையும்

1888-இல் மாநகர்ப் பணிக் கழகத்தின்மீது ஊழல் விசாரணை நடந்தது. அதிகாரிகள் சிலர் குற்றவாளிகள் எனத் தெரிந்தது. மறு ஆண்டில் கழகமே கலைக்கப்பட்டது. பாசல்ஜெட்டின் பெயர் அதில் கெடவில்லை. 1889-இல் ஓய்வு பெற்று விம்பிள்டனில் வாழ்ந்த அவர், 1891 மார்ச்சு 15-ஆம் நாள் மறைந்தார். விக்டோரியா கரையில் சிறு நினைவுச் சின்னம் ஒன்று இருக்கிறது. அதைக் கடந்து போவோர் பலர். நின்று பார்ப்போர் சிலரே. அவர் கட்டியது கண் காணாதது. அவர் புகழும் அவ்வாறே ஆயிற்று போலும்.

நண்பர்களே! அவருடைய கதையை நான் படித்தது சாக்கடை பொங்கிய தெருவில் என்று முன்னே சொன்னேன். நான்காம் நாள் அந்த அடைப்பை எடுக்க ஒருவர் வந்தார். அவருக்கு வயது என்னுடையதைவிட மிகுதி இராது. கையுறை இல்லை, முகமூடி இல்லை, இடுப்பில் ஒரு கயிறு மட்டும். மனிதரைச் சாக்கடைக்குள் இறக்கும் கொடுமையை ஒழிக்க 1993-இலும் 2013-இலும் நம் நாட்டில் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஆயினும் நச்சுவாயு தாக்கி இறந்தோர் செய்தியை நாளிதழில் இன்னும் படிக்கிறோம். படித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புகிறோம்.

மூடியின் மேலே நின்று மூக்கைப் பொத்திய நானும், சன்னல் திரையை நனைத்து நாற்றத்தைத் தடுத்த அந்தப் பாராளுமன்றத்தாரும் ஒன்றுதானோ என்று அன்று எனக்குத் தோன்றியது. இன்றும் அந்த எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை.

நம்மில் சிலர் நாளைப் பொறியாளராகலாம், சிலர் ஆய்வாளராகலாம், சிலர் அலுவலகத்தில் அமர்ந்து ஒப்பந்தங்களில் கையெழுத்திடலாம். எவர் கண்ணும் காணாத ஓர் இடத்தில் நம் நேர்மை சோதிக்கப்படும் நாள் ஒன்று வரும். மட்டமான ஒரு மூட்டைச் சிமெண்டாக வரலாம். அளக்காமல் எழுதிய ஓர் எண்ணாக வரலாம். கருவி வாங்காமல் மனிதனை இறக்கும் ஒரு சிக்கனமாக வரலாம். அன்று நாம் பாசல்ஜெட்டை நினைப்போமாக. ஏழு நாள் நீரில் ஊறவைத்து இழுத்துப் பார்ப்போமாக. தாங்கினால் கட்டுவோம், தாங்காவிட்டால் திருப்பி அனுப்புவோம். நகரங்கள் நிலைப்பது அதனால்தான்.